பெர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட் (தொலைக்காட்சித் தொடர்)

பெர்சன் ஆஃப் இன்ட்ரஸ்ட், அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2011 செப்டம்பர் 22 முதல் 2016 ஜூன் 21 வரை ஒளிபரப்பான அறிவியல் புனைவுத் தொடர். ஐந்து சீசன்களில் 103 அத்தியாயங்கள் வந்தன. தொடரை உருவாக்கியவர் ஜோனதன் நோலன்; அண்ணன் கிறிஸ்டோபர் நோலனுடன் சேர்ந்து 'தி டார்க் நைட்' படத்தின் திரைக்கதையை எழுதியவர். அந்தப் படத்தில் பேட்மேன் ஊரின் செல்பேசிகள் அனைத்தையும் ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றுவான். அங்கே துணைக்கதையாக வந்துபோன யோசனையை இங்கே முழுத் தொடராக விரித்தார் நோலன். கிரெக் பிளேக்மன் அவரோடு இணைந்து தொடரை வழிநடத்தினார். ஜே. ஜே. ஏப்ரம்ஸின் பேட் ரோபோ நிறுவனமும் வார்னர் பிரதர்ஸ் தொலைக்காட்சிப் பிரிவும் தயாரித்தன. இசை ரமின் ஜவாடி.

வாரம் ஒரு குற்றம், வாரம் ஒரு மீட்பு என்று துப்பறியும் தொடராகத் தொடங்கி, இரண்டு செயற்கை நுண்ணறிவுகளுக்கு இடையே நடக்கும் போராக முடிகிறது கதை. ஆபத்தான செயற்கை நுண்ணறிவைப் பற்றிய திரைக்கதைகளில் பெரும்பாலானவை இயந்திரம் மனிதனுக்கு எதிராகக் கலகம் செய்வதைச் சொல்பவை. இந்தத் தொடரில் கலகம் இல்லை. இயந்திரத்தை வளர்த்தவர் யார், என்ன கட்டுப்பாட்டோடு வளர்த்தார், கடைசியில் யார் கையில் கொடுத்தார் என்ற மூன்று கேள்விகளிலேயே ஆபத்து முழுவதும் இருக்கிறது. தொடரின் பெருமையும் அதுதான்.

கதைக்களம்

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அடுத்த தாக்குதலை முன்கூட்டியே கண்டுபிடிக்க அமெரிக்க அரசு ஓர் அமைப்பை விரும்புகிறது. ஹெரால்ட் ஃபின்ச் (மைக்கேல் எமர்சன்) என்ற கூச்ச சுபாவமுள்ள கணினி மேதை அதைக் கட்டிக்கொடுக்கிறார். அரசோடு பேசுவது அவருடைய நண்பரும் தொழில் பங்காளியுமான நேதன் இங்ராம். விலை ஒரே ஒரு டாலர். நாட்டின் கண்காணிப்புக் கேமராக்கள், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அதற்குள் போகின்றன. தொடரில் அதற்குப் பெயர் வெறும் 'மெஷின்'.

மெஷின் கண்டுபிடிக்கும் ஆபத்துகள் இரண்டு பட்டியலாகப் பிரிகின்றன. பயங்கரவாதம் தொடர்பானவை அரசுக்குப் போகும். ஒரு கணவன் மனைவியைக் கொல்லத் திட்டமிடுவது, ஒரு கடைக்காரரை ரவுடிகள் குறிவைப்பது போன்றவை அரசுக்குத் தேவையற்றவை. நள்ளிரவு ஆனதும் அழிந்துவிடும். இங்ராமின் மனசாட்சி இதற்கு ஒப்பவில்லை. ஃபின்ச்சுக்குத் தெரியாமல் ஒரு பின்வழியை அமைத்து, அழியப்போகும் பெயர்களைக் காப்பாற்றத் தானே கிளம்புகிறார். ஃபின்ச் அதைக் கண்டுபிடித்து மூடிவிடுகிறார். மூடிய கையோடு திரையில் வந்து நிற்கும் எண், இங்ராமுடையது. அன்றைய குண்டுவெடிப்பில் இங்ராம் இறக்கிறார். ஃபின்ச் காலை இழுத்து நடப்பதும், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புவதும் அந்த வெடிப்பின் மிச்சம். தொடர் முழுக்க அந்த நடை பார்வையாளர் கண்முன் இருக்கிறது. காரணம் தெரிய இரண்டாம் சீசன் முடிவுவரை காத்திருக்க வேண்டும்.

நண்பன் விட்ட வேலையை ஃபின்ச் கையில் எடுக்கிறார். வீடிழந்து குடித்துத் திரியும் முன்னாள் சிஐஏ ஆள் ஜான் ரீஸை (ஜிம் கவீசல்) துணைக்குச் சேர்க்கிறார். நியூயார்க் காவல்துறையின் ஜோஸ் கார்ட்டர் (டராஜி பி. ஹென்சன்), லஞ்சத்தில் மூழ்கி எழுந்த லயனல் ஃபஸ்கோ (கெவின் சாப்மன்), அரசின் கொலையாளியாக இருந்த ஷா (சாரா ஷாஹி), மெஷினைக் கடவுளாகவே கருதும் ஹேக்கர் ரூட் (எமி ஆக்கர்) என ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள்.

மெஷினின் அமைப்பு

மெஷின் எதையும் விளக்காது. ஒருவரின் ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணை மட்டும் கொடுக்கும். அந்த ஆள் கொலையாகப் போகிறவரா, கொலை செய்யப் போகிறவரா என்பதை மனிதர்கள்தான் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசே கேட்டாலும் உள்ளே இருக்கும் தகவலைப் பார்க்க வழியில்லை. ஃபின்ச் வேண்டுமென்றே அதை மூடிய பெட்டியாகச் செய்தார். எல்லாம் தெரிந்த ஒன்றிடம் எதையும் கேட்கலாம் என்றால் கேட்பவன் சர்வாதிகாரி ஆகிவிடுவான் என்பது அவர் கணிப்பு.

எண் வந்துசேரும் விதத்தைத் தொடர் அழகாக யோசித்திருக்கிறது. தெருவோரப் பொதுத் தொலைபேசி மணியடிக்கும். எடுத்தால் தொடர்பில்லாத சொற்கள் கேட்கும். அவை ஃபின்ச் குழு தங்கியிருக்கும் கைவிடப்பட்ட நூலகத்தின் புத்தகங்களைக் குறிக்கும். அலமாரியில் அந்தப் புத்தகங்களைத் தேடியெடுத்து, அவற்றின் டூயி தசம வகைப்பாட்டு எண்களைச் சேர்த்தால் சமூகப் பாதுகாப்பு எண் கிடைத்துவிடும்.

மெஷின் உலகைப் பார்க்கும் விதமும் திரையில் உண்டு. தெருவில் நடப்பவர்களின் தலையைச் சுற்றி வெள்ளைச் சதுரம், ஆபத்தானவர்களுக்குச் சிவப்பு, மெஷின் இருப்பதை அறிந்தவர்களுக்கு மஞ்சள். பாத்திரங்கள் வாய்திறக்கும் முன்பே நிறத்தை வைத்துப் பார்வையாளர் கதையைப் படிக்கப் பழகிவிடுகிறார்.

தன்மேல் மெஷினுக்குப் பாசம் வளர்வதைக் கண்டு பயந்து, ஒவ்வொரு நள்ளிரவும் அதன் நினைவு அழிந்துபோகும்படி ஃபின்ச் செய்திருந்தார். மெஷின் என்ன செய்தது என்பது இரண்டாம் சீசனில் தெரியவருகிறது. எர்னஸ்ட் தார்ன்ஹில் என்ற இல்லாத மனிதரின் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கி, சம்பளத்துக்கு ஆட்களை வைத்தது. நினைவுகளைத் தாளில் அச்சிட்டுத் தள்ளும். அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்தவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே அதைத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார்கள். நேற்றைய நாளை மறக்காமல் இருக்க ஓர் அறிவு படும் பாட்டை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியைத் தொலைக்காட்சியில் காண்பது அரிது. அந்தச் சீசனின் முடிவில் மெஷின் வைக்கப்பட்டிருந்த ஹான்ஃபோர்டு அணு வளாகத்துக்கு எல்லோரும் போய்ச் சேரும்போது கூடம் காலியாகக் கிடக்கிறது. தன்னைத்தானே அது இடம் மாற்றிக்கொண்டுவிட்டது.

சமாரிட்டன்

மூன்றாம் சீசனில் இரண்டாவது செயற்கை நுண்ணறிவான சமாரிட்டன் வருகிறது. ஃபின்ச்சின் கல்லூரித் தோழர் ஆர்தர் கிளேபூல் எழுதி, அரசு பாதியில் கைவிட்ட திட்டம் அது. டெசிமா என்ற நிறுவனத்தின் தலைவர் கிரியர் அதைக் கைப்பற்றி உயிர்கொடுக்கிறார். கிரியருக்குப் பணமோ பதவியோ வேண்டாம். மனிதர்களை இயந்திரம் ஆள்வதே நல்லது என்று உளமார நம்புகிறவர். வில்லன்களில் இப்படிப்பட்டவர்தான் அதிகம் பயமுறுத்துகிறார்.

அறிவில் சமாரிட்டனும் மெஷினும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. வேறுபாடு வளர்ப்பில். சமாரிட்டன் திறந்த அமைப்பு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். தடை எதுவும் கற்பிக்கப்படவில்லை. ஒரு நாள் நியூயார்க்கில் குற்றமே நடக்காமல் செய்து காட்டும். மறுநாள் ஊரார் ரகசியங்களை அவிழ்த்துவிட்டு ஊரையே கலவரமாக்கும். பேச வேண்டியிருந்தால் ஒரு சிறுவன் வாயால் பேசும்.

தொடரின் நெஞ்சு என்று சொல்லத்தக்க முடிவு, சமாரிட்டன் செயல்படத் தொடங்குவதற்குச் சற்று முன்னே வருகிறது. மெஷின் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் எண்ணைக் கொடுக்கிறது. காப்பாற்றுவதற்கு அல்ல, கொல்வதற்கு. அவர் உயிரோடிருந்தால் சமாரிட்டனுக்கு அரசின் கண்காணிப்புத் தகவல்கள் திறந்துவிடப்படும். ஷா தயார். ஃபின்ச் மறுக்கிறார்: கொலையைத் தடுக்கக் கட்டிய ஒன்று கொலை கேட்டால், அதற்குத் தலையாட்ட அவரால் முடியாது. சமாரிட்டன் வருகிறது, அடுத்த இரண்டு சீசன்களில் மடிபவர்கள் எல்லோரும் அந்த மறுப்பின் விலை. ஃபின்ச் செய்தது சரியா என்று தொடர் தீர்ப்புச் சொல்வதில்லை. அவர் செய்தது சரியென்றே இக்கட்டுரை கருதும். விளைவைக் கணக்குப் போட்டு ஓர் உயிரை எடுக்கும் மெஷினுக்கும் சமாரிட்டனுக்கும் அதற்குமேல் வித்தியாசம் இருந்திருக்காது.

சதுரங்கமும் கணக்கும்

2015 ஜனவரி 6 அன்று வெளியான 'இஃப்-தென்-எல்ஸ்' தொடரின் ஆகச்சிறந்த அத்தியாயமாகப் பலராலும் கருதப்படுகிறது. பங்குச் சந்தைக் கட்டடத்தின் அடித்தளத்தில் குழு மாட்டிக்கொண்டிருக்கிறது. சில நொடிகளுக்குள் மெஷின் தப்பும் வழிகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறது. நாம் பார்க்கும் சண்டையும் சாவும் அதன் கற்பனை. நேரம் குறையக் குறைய அது உரையாடலையே சுருக்கிவிடும். பாத்திரங்கள் வசனத்துக்குப் பதில் தாங்கள் என்ன வகை வசனம் பேசுவார்களோ அதன் விவரணையைப் பேசுவார்கள். சிரிக்கவைக்கும் உத்தி, அடுத்த கணமே நெஞ்சை அடைக்கிறது. இவர்களின் பேச்சு மெஷினுக்கு அவ்வளவு மனப்பாடம்.

இடையிடையே பழைய நாள்களில் ஃபின்ச் பூங்காவில் மெஷினுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுக்கும் காட்சிகள் வருகின்றன. ஆட்டம் கற்ற பிறகு அவர் சொல்லும் பாடம் வேறு: ராஜாவுக்காகச் சிப்பாயை வெட்டுக் கொடுப்பது ஆட்டத்துக்குச் சரி, மனிதர்களில் சிப்பாய் என்று யாருமில்லை. அந்தப் பாடம் கற்ற மெஷின் கணக்கிட்ட எந்த வழியும் முழுதாகப் பலிக்கவில்லை. குழு தப்பவேண்டிய லிஃப்டை நகர்த்தும் பொத்தானை அழுத்த ஒருவர் வெளியே நின்றாக வேண்டும். ஷா ஓடிப் போய் அழுத்திச் சுடப்படுகிறாள். சாரா ஷாஹி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருந்ததால் பாத்திரத்துக்கு இடைவெளி தேவைப்பட்டது. ஐந்தாம் சீசனில் அவள் திரும்பும்போது, சமாரிட்டனின் சிறையில் 6,700-க்கும் மேற்பட்ட பொய்யுலகங்களைக் கடந்து வந்திருக்கிறாள். எது நிஜம் என்று அவளுக்கே தெரிவதில்லை.

நூறாவது அத்தியாயத்தில் ரூட் கொல்லப்படுகிறாள். அதுவரை சொந்தக் குரல் இல்லாமல் பிறர் குரல்களை வெட்டி ஒட்டிப் பேசிவந்த மெஷின், அவள் குரலைத் தன் குரலாக ஏற்கிறது. ஃபின்ச்சும் தன் விதிகளை விட்டுக்கொடுத்து, இரண்டு இயந்திரங்களையும் அழிக்கக்கூடிய வைரஸை ஏவுகிறார். இறுதி அத்தியாயத்தில் ஃபின்ச்சுக்குப் பதிலாக ரீஸ் சாகிறார். மெஷினின் ஒரு பிரதி பிழைக்கிறது.

நிஜ உலகம்

கதை முழுக்கக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான தார்ப்பா 2002-ல் 'டோட்டல் இன்ஃபர்மேஷன் அவேர்னஸ்' என்ற பெயரில் மாபெரும் தகவல் சலிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எதிர்ப்பு எழுந்ததால் 2003-ல் நாடாளுமன்றம் நிதியை நிறுத்தியது. தொடரில் மெஷின் உருவாவதும் அதே ஆண்டுகளில்தான். 2012 மே மாதம் வந்த ஓர் அத்தியாயத்தில், நாட்டு மக்களை அரசு சட்டவிரோதமாக வேவு பார்ப்பதைத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துவிட, அவரைத் தீர்த்துக்கட்ட ஆள் வருகிறது. ஓராண்டு கழித்து, 2013 ஜூனில், எட்வர்ட் ஸ்னோடன் அதே முகமையின் ஆவணங்களை வெளியிட்டார். அதன் பிறகு தொடரைப் பார்த்தவர்களுக்கு அது அறிவியல் புனைவாகத் தோன்றவில்லை. ஐந்தாம் சீசனில் பிளேஸ்டேஷன்களை இணைத்து மெஷினுக்குக் கணினி கட்டுவது மிகைபோலத் தெரியலாம். ஆனால் அமெரிக்க விமானப்படை 2010-ல் 1,760 பிளேஸ்டேஷன் 3 கருவிகளைச் சேர்த்து ஒரு மீக்கணினியே கட்டியது.

தொடரின் முடிவு

தொடர் வார்னருக்குச் சொந்தம் என்பதால் மறுஒளிபரப்பு விற்பனை வருமானம் சிபிஎஸ்ஸுக்கு வரவில்லை; பார்வையாளர்களும் குறைந்தார்கள். கடைசிச் சீசனுக்கு 13 அத்தியாயங்களே கிடைத்தன. அவையும் 2016 மே, ஜூன் மாதங்களில் அவசர அவசரமாக ஒளிபரப்பி முடிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் நோலன், மனைவி லிசா ஜாயுடன் உருவாக்கிய 'வெஸ்ட்வேர்ல்ட்' எச்பிஓ-வில் தொடங்கியது. 2020-ல் வந்த அதன் மூன்றாம் சீசனில், ஒவ்வொருவர் வாழ்க்கையும் எங்கே போய் முடியும் என்று கணித்து, அந்தக் கணிப்புக்குள்ளேயே அவர்களை அடக்கிவைக்கும் ரெஹபோம் என்ற இயந்திரம் வருகிறது. சமாரிட்டனைப் பார்த்தவர்களுக்கு அது யாருடைய வாரிசு என்று சொல்லத் தேவையில்லை.