கண்ணாடி அடுப்பை யார் துடைப்பது?

அடுப்பின் வரலாறு என்றாலே நாங்கள் பொதுவா நெருப்பின் வரலாற்றைத்தான் கதைக்கிறோம். விறகு, மண்ணெண்ணெய், காஸ், கரண்ட் என்று வரிசையாச் சொல்லி முடித்துவிடுவோம். அடுப்பின் மேற்பரப்பைப் பற்றிக் கதைப்பது குறைவு. ஆனா சமைக்கிற ஆளின் கை தினமும் படுகிற இடம் அதுதான். சமைத்து முடித்த பிறகும் அந்தக் கைக்கு அங்கே வேலை இருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட மின் அடுப்பின் கதையை இந்தப் பக்கமிருந்து பார்ப்போம்.

கதை தொடங்குவது அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், கோர்னிங் என்ற சிறு நகரில். 1953இல் அங்கிருந்த கோர்னிங் கண்ணாடி நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற இரசாயனவியலாளர் ஒரு கண்ணாடித் தகட்டை உலையில் வைத்தார். 600 பாகை செல்சியஸில் நிற்கவேண்டிய உலை, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பிழைத்ததால் 900 பாகை வரை ஏறிவிட்டது. கண்ணாடி உருகி உலையையும் கெடுத்திருக்கும் என்றுதான் அவர் நினைத்தார். திறந்து பார்த்தால் தகடு உருகவில்லை, பால்போல வெள்ளையாகி இருந்தது. இடுக்கியால் எடுக்கும்போது வழுக்கித் தரையில் விழுந்தது. உடையவும் இல்லை.

நடந்தது இதுதான்: அந்தச் சூட்டில் கண்ணாடிக்குள்ளேயே நுண்ணிய பளிங்குகள் வளர்ந்துவிட்டன. பாதி கண்ணாடி, பாதி பீங்கான் போன்ற இந்தப் புதிய பொருளைக் கண்ணாடிப் பீங்கான் என்று சொல்லலாம். அது பனிப்போர்க் காலம். இதன் ஒரு வகை ஏவுகணைகளின் மூக்குக் கூட்டுக்குப் போனது. இன்னொரு வகை 1958இல் நீலப்பூப் போட்ட வெள்ளைச் சட்டியாகக் குசினிக்குள் வந்தது. அதுதான் 'கோர்னிங்வெயார்'.

சட்டிக்குப் பிறகு அடுப்பு. 1960களின் பிற்பகுதியில் கோர்னிங் நிறுவனம் வெள்ளைக் கண்ணாடிப் பீங்கானால் மேற்பரப்பு செய்த மின் அடுப்பை விற்கத் தொடங்கியது. சுருள் கம்பி இல்லை, இடுக்கு இல்லை, துடைத்தால் போதும் என்பது அதன் கவர்ச்சி. ஆனா அந்த அடுப்போடு அடி தட்டையாகத் தேய்த்த விசேட சட்டிகளும் சேர்ந்தே வந்தன. அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் சூடு ஒழுங்காக ஏறாது. அதாவது அடுப்பை வாங்குகிறவர் தன் ஏதனங்களையும் மாற்றவேண்டி வந்தது. வெள்ளை நிறத்தில் கறையும் பளிச்சென்று தெரிந்தது.

இன்று நாங்கள் காணும் கறுப்பு மேற்பரப்பு வந்தது ஜேர்மனியிலிருந்து. அங்கே ஷொட் என்ற கண்ணாடி நிறுவனம் 1968இல் வானியல் தொலைநோக்கிகளின் ஆடிகளுக்காக, சூட்டாலும் குளிராலும் அளவு மாறாத ஒரு கண்ணாடிப் பீங்கானை உருவாக்கியது. அந்த அறிவை வைத்து 1971இல் 'செரான்' என்ற அடுப்புக் கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. நட்சத்திரம் பார்க்கச் செய்த பொருளின் உறவுக்காரன்தான் சோறு வடிக்கிற இடத்துக்கும் வந்து சேர்ந்தது.

ஏன் அளவு மாறுவதில்லை? சாதாரண கண்ணாடி சூடானால் விரியும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் வெடிக்கும். கண்ணாடிப் பீங்கானுக்குள் இருக்கும் பளிங்குகளோ சூட்டில் சுருங்குகின்றன. சுற்றியுள்ள கண்ணாடி விரிகிறது. ஒன்றை ஒன்று சமன்செய்ய, மொத்தத்தில் அசைவே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் சிவந்த வட்டத்துக்குப் பக்கத்திலேயே குளிர்ந்த இடம் இருந்தாலும் அது தாங்குகிறது.

ஆனா இதே பெருமைதான் அதன் பலவீனமும். சீனிப்பாகு கொட்டினால் கண்ணாடியில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது பாகு சுருங்கும், கண்ணாடி சுருங்காது. இழுபட்டு மேற்பரப்பிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகள் பெயர்ந்துவரும். அதனால் சீனியைமட்டும் ஆறவிடக்கூடாது. அடுப்பை நிறுத்தி, சூடாக இருக்கும்போதே தகட்டுச் சுரண்டியால், கையைச் சுடாமல் தள்ளி எடுக்கவேண்டும். பாலோ குழம்போ பொங்கினால் ஆறவிட்டு, கொஞ்சம் வினாகிரி போட்டு மெல்லிய துணியால் துடைக்கலாம். சட்டியின் அடி காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கவேண்டும். இழுக்கக்கூடாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். ஒரு மணல் துணிக்கை போதும், கீறிவிடும். வெடிப்பு விழுந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துவதுதான் முதல் வேலை. அதன்பிறகு அதில் சமைக்கவே கூடாது.

இந்த விதிகளை ஒருமுறை திரும்ப வாசித்துப் பாருங்கள். 'துடைத்தால் போதும்' என்ற அடுப்புக்கு இவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட 'மோர் வேர்க் ஃபோர் மதர்' என்ற நூலில் வைக்கும் வாதம் இங்கே உதவும். இரும்பு அடுப்பு வந்தபோது விறகு வெட்டும் வேலை குறைந்தது. அது பெரும்பாலும் ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலை. அடுப்படியில் நின்ற பெண்ணின் வேலை குறையவில்லை, சமையலும் சுத்தமும் பற்றிய எதிர்பார்ப்புத்தான் கூடியது என்கிறார் அவர். கண்ணாடி அடுப்பையும் அந்த வரிசையில் வைக்கலாம் என்பது எங்கள் எண்ணம். கரியும் புகையும் போனது பெரிய விடயம், அதை மறுக்கவில்லை. ஆனா கறுப்பு விறகடுப்பில் தெரியாத ஒரு துளி கறை இதில் கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரிகிறது. தெரிகிற கறையை யாரோ துடைத்தே ஆகவேண்டும்.

இலங்கைக் குசினிக்கு வருவோம். 2021 கடைசியில் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் தொடர்ச்சியா வந்தன. 2022இல் காஸே இல்லை, வெறும் சிலிண்டரோடு சனம் வரிசையில் நின்றது. காசு இருந்தவர்கள் இன்டக்ஷன், இன்ஃப்ராரெட் என்று கண்ணாடி மேற்பரப்பு அடுப்புகளைத் தேடினார்கள். ஆனா அந்த மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. பல வீடுகளில் திரும்பவும் விறகுதான் எரிந்தது.

அடுப்பு கிடைத்த வீட்டிலும் சிக்கல் தீரவில்லை. அடி வளைந்த தாச்சி கண்ணாடியில் நிற்காது. மண்சட்டியின் சொரசொரப்பான அடி கீறும். காந்தப்புலத்தால் சட்டியையே சூடாக்கும் இன்டக்ஷனில் மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் சூடே ஏறாது. சாம்பலும் பொச்சும் போட்டுத் தேய்த்துப் பழகிய கைக்கு, தேய்க்காதே என்று சொல்லும் அடுப்பு இது. அன்று கோர்னிங் அடுப்போடு தட்டைச் சட்டியும் பெட்டியில் வந்தது. எங்கள் கடைகளில் பெரும்பாலும் அடுப்பு மட்டும்தான். சட்டிக்கான செலவை வீட்டுக்காரர்தான் பார்க்கவேண்டும்.

அதனால் ஒரு அடுப்பை 'நவீனம்' என்று சொல்லுமுன் மூன்று கேள்வி கேட்கலாம். எந்தச் சட்டியை மனதில் வைத்துச் செய்தது? கரண்ட் நின்றால் என்ன மிச்சம்? சமைத்து முடிந்தபிறகு துணியோடு நிற்பது யார்? முதல் இரண்டுக்கும் பதில் பொறியியலாளரிடமும் அரசாங்கத்திடமும் இருக்கலாம். மூன்றாவதற்கு அவர்களிடம் போகத் தேவையில்லை. இன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு துணியை நாங்களே எடுக்கலாம். சீனி கொட்டியிருந்தால் ஆறமுன்னமே.