பம்புசெட்டும் மேளசெட்டும்: திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு கடன்சொல்

ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயி ஒருவரின் ஒருநாள் பேச்சைக் கற்பனை செய்வோம். விடிகாலையில் பம்புசெட்டுக்குப் போகிறார். சந்தையில் காய் இறக்கிவிட்டு ஒரு செட்டு பூரி சாப்பிடுகிறார். ஊர்த் திருவிழாவுக்கு மேளசெட்டு பேசி முன்பணம் கொடுக்கிறார். எதிரே வந்தவரை ‘இவரு நம்ம செட்டு’ என்று மகனுக்குக் காட்டுகிறார். மகளுக்கு வந்த வரன் செட் ஆகவில்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறார். ஐந்து இடத்திலும் சொல் ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லின் ஐந்து பொருள்களைத்தான் தமிழ் அப்படியே எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது என்பதே என் வாதம்.

ஆங்கிலத்திலேயே இது சிக்கலான சொல். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இதன் வினைவடிவத்துக்குத்தான். 430 பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள். (பின்னர் திருத்தியபோது ‘ரன்’ என்ற வினை 645 பொருள்களுடன் இதை முந்திவிட்டது.) ஆனால் வினையும் பெயருமாக இதில் கலந்திருப்பவை இரண்டு சொற்கள். ‘இருத்து, வை’ என்னும் பொருளுள்ள பழைய ஆங்கில வினை ஒன்று. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த லத்தீனின் ‘செக்டா’, பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்த பெயர்ச்சொல் மற்றொன்று. இரண்டும் ஒரே ஒலியில் ஒட்டிக்கொண்டன. தமிழுக்குள் வந்தபோது இந்த ஒட்டு மறுபடி பிரிந்தது என்பதற்கு வடிவமே சான்று.

பெயராக வரும்போது அது ‘செட்டு’. வல்லின ஒற்றில் சொல் முடியாத மொழியில் ஈற்றில் உகரம் ஏறியிருக்கிறது. செட்டை, செட்டுக்கு, செட்டுல என்று வேற்றுமையும் ஏற்கிறது. வினையோடு சேரும்போது ‘செட்’. ‘செட் பண்ணு’ என்போமே தவிர ‘செட்டு பண்ணு’ என்பதில்லை. ‘மைக்செட்டு கட்டு’ என்பதில் உகரம் அப்படியே நிற்கிறது. ‘ஆகு’ முன்னால் மட்டும் இந்த வேறுபாடு மறைந்துவிடும். குற்றியலுகரம் கெட்டாலும் ‘செட்டாகு’தான், தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்தாலும் ‘செட்டாகு’தான். ஆகவே சோதனையை மெய்யெழுத்துக்கு முன்னால்தான் செய்ய வேண்டும். அங்கே பார்த்தால் பெயர் தமிழ் உடுப்பு போட்டுவிட்டது, வினைக்கூறு இன்னும் வந்த கோலத்திலேயே நிற்கிறது. பெயர் முன்பே வந்து ஊறியது, வினைக்கூறு பின்னால் வந்தது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

பெயர் எதன்மேல் ஏறி வந்தது? இந்தச் சமவெளியில் பம்புசெட்டுக்கு முந்தியது மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலை; மேற்கே போனால் கவலை. சால், தும்பி, வடம், உருளை, ஒரு சோடி மாடு என்று அதற்கும் உறுப்புகள் பல. ஆனாலும் அதை யாரும் ‘செட்டு’ என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, முழுமைக்கே பெயர் இருந்தது. பூட்டும் அப்படித்தான். நாகல்நகரிலும் நல்லாம்பட்டியிலும் கையால் செய்து, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் சாவியோடு சேர்த்துச் சொல்ல ‘பூட்டுசாவி’ என்ற உம்மைத்தொகை போதும். மோட்டாரும் பம்பும் வெளியிலிருந்து வந்தவை. இரண்டையும் இணைத்துச் சொல்ல நம்மிடம் ஒரு பெயர் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் செட்டு அமர்ந்தது. விவசாய மின்கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970களில் நடந்த போராட்டங்களும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரமும் அதை அரசியல் சொல்லாகவும் ஆக்கின. அரசின் திட்ட அறிவிப்புகளே இன்று ‘பம்புசெட்டு’ என்றுதான் எழுதுகின்றன. பள்ளிக் கணக்குப் புத்தகம் மட்டும் ‘கணம்’ என்கிறது. அது நல்ல சொல்தான்; வகுப்பறை வாசலைத் தாண்டவில்லை.

பம்புசெட்டில் தோன்றிய பொருள் என்ன? ‘தொகுதி’ அன்று, ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும் சேர்க்கை. மைக்செட்டில் ஆம்ப்ளிபயர் போனால் குழாய் எதற்கு? மேளசெட்டும் அதே கணக்கு. நாதசுரக்காரர் வராவிட்டால் தவில்காரர் மட்டும் வந்து என்ன செய்வார்? கூட்டத்தைக் குறிக்கும் ‘ஜமா’வுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஒருவர் குறைந்தாலும் ஜமா ஜமாதான். பூரி என் வாதத்துக்கு அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு கடையில் இரண்டு, இன்னொரு கடையில் மூன்று. அது விலைக்கான அலகு மட்டுமே. ‘நம்ம செட்டு’ என்பதும் ஒத்த வயதையே குறிக்கிறது. லத்தீன் மூலத்தின் கூட்டப் பொருளுக்கு இதுவே மிக அருகில் நிற்கிறது.

இங்கே ஒரு குறுக்கீடு. ‘பம்புசெட்டுல குளிச்சிட்டு வந்தேன்’ என்பவர் இயந்திரத்தில் குளிக்கவில்லை. சொல் இடப்பெயராகிவிட்டது. ஆகுபெயர் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் தகரசெட்டு, கார்செட்டு, கோழிச்செட்டு ஆகியவற்றிலுள்ள செட்டு வேறொரு ஆங்கிலச் சொல். கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’. பேச்சில் ஷகரம் சகரமானதும் இரண்டும் ஒன்றாயின. மோட்டார் இருக்கும் அறையும் பம்புசெட்டு ஆனதில் இந்தக் கொட்டகைக்கும் பங்கு உண்டு என்றே கருதுகிறேன். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் ஒன்றில் கலந்த அதே கதை, வேறு இரண்டு சொற்களோடு இங்கேயும் நடந்திருக்கிறது.

வினைப்பக்கம் இன்னும் சுவையானது. கொடைக்கானல் குளிர் செட் ஆகவில்லை, சட்டை செட் ஆகவில்லை, மேலதிகாரியோடு செட் ஆகவில்லை. ஆங்கிலத்தில் மனிதர்களும் சட்டைகளும் இந்த வினையை இப்படி ஏற்பதில்லை. அங்கே அதற்கு ‘சூட்’ என்றோ ‘செட்டில்’ என்றோ வேறு வினை வேண்டும். காங்கிரீட் மட்டும் இரு மொழியிலும் செட் ஆகிறது. கொத்தனார் பேச்சே பாலமாக இருந்திருக்கலாம்: கலவை இறுகி நிலைகொள்வது, பிறகு மனிதர் ஓரிடத்தில் நிலைகொள்வது, பிறகு ஒன்றோடொன்று பொருந்துவது. வீட்டுத் தயிர் இன்னும் உறையத்தான் செய்கிறது. ஆனால் ‘ஒத்துக்கொள்ளவில்லை’, ‘ஒத்துவரவில்லை’, ‘பொருந்தவில்லை’ என்று உடம்புக்கும் உறவுக்கும் உடைக்கும் தனித்தனியே இருந்த சொற்களின் இடத்தை இது ஒன்றே பிடித்துவருகிறது. அது இழப்பு என்றே எனக்குப் படுகிறது.

ஆங்கிலத்திலிருந்து வராத செட்டுகளும் இங்கே உண்டு. தெலுங்கு பேசும் வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அங்கே செட்டு என்றால் மரம். தமிழிலும் ஒரு பழைய செட்டு உண்டு: வணிகம், அதன் வழியே சிக்கனம். ‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்று பாட்டி பாராட்டினால், அளவறிந்து செலவழிக்கிறாள் என்று பொருள். பேத்தியின் காதில் அது ‘செட் ஆகி’ப் புருஷனோடு பொருந்தி வாழ்கிறாள் என்று விழக்கூடும். வாக்கியம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுப்பதால் யாரும் யாரையும் திருத்தப்போவதில்லை. பழைய செட்டு ஐயத்துக்கு இடமில்லாமல் நிற்பது ‘கட்டுசெட்டு’ என்ற இணையில்தான். அங்கே ‘கட்டு’ அதைப் பிடித்துவைத்திருக்கிறது.