பாலைவனத்தில் வேகம் எங்கிருந்து வருகிறது? - டிரக் சஸ்பென்ஷன் வளர்ந்த கதை

பாலைவனத்தில் வேகமாகப் போக என்ன வேண்டும்? பெரிய எஞ்சின் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனம் சுமார் அறுபது ஆண்டுகளாக வேறு பதிலைச் சொல்லி வருகிறது.

அமெரிக்க எல்லைக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒடுக்கமான தீபகற்பம் பாஹா. மணல், பாறை, வறண்ட ஏரிப் படுகை, அலை அலையான மேடு பள்ளம் எல்லாம் இங்கு உண்டு. 1967-இல் டிஹுவானாவிலிருந்து தெற்கே லா பாஸ் வரை முதல் 'மெக்சிகன் 1000' பந்தயம் நடந்தது. பின்னாளில் 'பாஹா 1000' என்று புகழ்பெற்றது இதுதான். முதலில் வந்தது எந்த வண்டி தெரியுமா? ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே ஃபைபர் கிளாஸ் கூடு வைத்த 'மேயர்ஸ் மேங்ஸ்' என்ற குட்டி வண்டி! விக் வில்சனும் டெட் மேங்கல்ஸும் 27 மணி 38 நிமிடத்தில் லா பாஸை அடைந்தார்கள். எஞ்சின் சிறியதுதான். ஆனால் வண்டி இலேசானது, சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கக் கூடியவை.

அன்றைய டிரக்குகளோ சுமை தூக்கப் பிறந்தவை. பட்டை ஸ்பிரிங், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்ஸில். இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலது சக்கரமும் சேர்ந்து ஆடும். அடி தட்டுகிறது என்று பட்டைகளைக் கூட்டி ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் வேறொரு ஆபத்து வந்து சேரும். சக்கரம் தரையை விட்டு எம்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. அதிர்ச்சி முழுவதும் சேஸிஸுக்கும் ஓட்டுநரின் முதுகெலும்புக்கும் போகும்.

1963-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்ற பார்னெலி ஜோன்ஸ், பில் ஸ்ட்ராப்பின் பட்டறையோடு சேர்ந்து 'பிக் ஒலி' என்ற வண்டியோடு பாஹாவுக்கு வந்தார். பார்வைக்கு ஃபோர்டு பிராங்கோ, உள்ளே குழாய்ச் சட்டம். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி உத்தரம் கொண்ட ஃபோர்டின் 'ட்வின் ஐ-பீம்' அமைப்பு. 1971, 1972 என்று இரண்டு ஆண்டுகளும் வெற்றி. 1971-இல் 15 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது!

அடுத்த எதிரி சூடு. ஷாக் அப்சார்பர் என்பது சக்கரத்தின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. மணிக்கணக்கில் குலுங்கினால் உள்ளே இருக்கும் எண்ணெய் கொதித்து, இளகி, நுரைத்துவிடும். பிறகு ஷாக் இருந்தும் இல்லாததுபோலத்தான். முதலில் ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மூன்று ஷாக்குகள் மாட்டிச் சமாளித்தார்கள். நல்ல வழி ஐரோப்பாவில் ஏற்கெனவே பிறந்திருந்தது. பிரெஞ்சுக்காரர் டி கார்போனின் யோசனையில், அழுத்தமான வாயு எண்ணெயை நுரைக்க விடாமல் பிடித்து வைக்கும். 1950-களில் பில்ஸ்டீன் அதைக் கார்களுக்குக் கொண்டு வந்தது. பாலைவனக்காரர்கள் ஷாக்கின் குழாயைப் பருமனாக்கி, எண்ணெய்க்குத் தனிக் கலமும் வைத்தார்கள். எண்ணெய் கூடினால் சூடேற நேரமாகும்.

பிறகு வந்தது 'பைபாஸ்' ஷாக். பிஸ்டன் நடுவில் இருக்கும்போது எண்ணெய் பக்கக் குழாய்கள் வழியே எளிதாக ஓடும். சிறு மேடுகளில் வண்டி மென்மையாகப் போகும். பெரிய பள்ளத்தில் பிஸ்டன் கோடிக்குப் போனால் அந்த வழி அடைபட்டு ஷாக் கடினமாகும். ஒரே ஷாக்கில் இரண்டு குணம்!

1994-இல் ஸ்கோர் அமைப்பு 'டிராஃபி டிரக்' பிரிவைத் தொடங்கியது. இன்றைய டிராஃபி டிரக்குகளில் பின்சக்கரம் 30 அங்குலம் வரைகூட ஏறி இறங்கும். 2010 மாடலாக வந்த ஃபோர்டு ராப்டர், பைபாஸ் வழிகள் உள்ளேயே அமைந்த ஃபாக்ஸ் ஷாக்குகளோடு இந்த வித்தையை ஷோரூமுக்கே கொண்டு வந்தது. 2021 மாடலில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் போய் சுருள் ஸ்பிரிங் வந்தது.

டிரக் வாங்கியவர்கள் இன்றும் முதலில் தேடுவது வண்டியை உயர்த்தும் 'லிஃப்ட் கிட்'. உயரம் கூடினால் எடைமையமும் மேலே போகும், கவிழும் அபாயம் கூடும். சக்கரம் ஆடும் தூரம் அதனால் மட்டும் கூடிவிடாது. பாஹா கற்றுத் தந்த வரிசை வேறு. முதலில் சூட்டைத் தாங்கும் பருமனான ஷாக். அடுத்து, தண்ணீர், எரிபொருள், உபரி டயர் எல்லாம் ஏற்றிய பின் வரும் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங். பிறகு சக்கரத்துக்கு அதிக ஆட்டம் தரும் கைகள், கடைசி அடியை வாங்கும் பம்ப் ஸ்டாப். எஞ்சினுக்குச் செலவழிப்பது அதற்கப்புறம்தான். சக்கரம் தரையில் இருந்தால்தானே எஞ்சினின் சக்தி மண்ணைத் தொடும்?