ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களில் பேசாத எழுத்துகள்

இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்து, பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்த தலைமுறை இன்று பெற்றோராகிவிட்டது. பிள்ளை ஆங்கிலக் கொப்பியைக் கொண்டுவந்து “இதை எப்படி வாசிக்கிறது?” என்று கேட்கும்போது, தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு விலகிப்போகும் தாய், தகப்பன்மார் பலர். எழுதியிருப்பது ஒன்று, வாசிப்பது வேறொன்று என்பதே அவர்களைக் குழப்புகிறது. குறை அவர்களிடத்தில் இல்லை. அது ஆங்கில எழுத்துக்கூட்டலின் வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாறு கொஞ்சம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அன்றாடம் கண்ணில் படும் ஐந்தெழுத்துச் சொற்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஜி, எச் சேர்ந்து வரும் சொற்கள்

ஐ, ஜி, எச், ரி என்ற நான்கு எழுத்துகளை எழுதுங்கள். முன்னால் எல் போட்டால் லைற் (வெளிச்சம்), என் போட்டால் நைற் (இரவு), ஆர் போட்டால் றைற் (உரிமை, சரி, வலது), எஃப் போட்டால் ஃபைற் (சண்டை), எஸ் போட்டால் சைற் (பார்வை). ஜி, எச் இரண்டும் எங்கும் ஒலிப்பதில்லை. முன்னால் ஈ போட்டால் மட்டும் உயிரொலி மாறி எயிற் (எட்டு) என்றாகும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் தொண்டையிலிருந்து வரும் ஓர் ஒலி இருந்தது. இரவைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் அதையொத்த ஒலி இன்றும் உண்டு. ஆங்கிலேயர் வாயில் அந்த ஒலி தேய்ந்து மறைந்தது. எழுத்து மட்டும் தங்கிவிட்டது. சில சொற்களில் அது மறையாமல் எஃப் ஒலியாக மாறியது. லாஃப் (சிரி), கொஃப் (இருமல்), றஃப் (கரடுமுரடு) ஆகிய மூன்றும் ஐந்தெழுத்துச் சொற்களே. மூன்றும் யூ, ஜி, எச் என்று முடிகின்றன.

முதலெழுத்து ஒலிக்காத சொற்கள்

நைஃப் (கத்தி), நொக் (தட்டு), நோண் (தெரிந்த) ஆகியவை கே, என் என்று தொடங்குகின்றன. முன்பு இந்தக் கே ஒலித்தது. றைற் (எழுது), றோங் (பிழை), றிஸ்ற் (மணிக்கட்டு) ஆகியவை டபிள்யூ, ஆர் என்று தொடங்குகின்றன. அந்த டபிள்யூவும் ஒருகாலத்தில் ஒலித்ததே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ‘உரிமை’ என்ற சொல்லும் ‘எழுது’ என்ற சொல்லும் காதுக்கு ஒன்றுதான். கண்ணால் பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

பிறகு சேர்க்கப்பட்ட எழுத்துகள்

டவுற் (சந்தேகம்) என்ற சொல்லில் ரிக்கு முன் வரும் பி ஆங்கிலத்தில் ஒருபோதும் ஒலித்ததில்லை. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல் அது. அதன் லத்தீன் மூலத்தில் பி இருந்ததால் அறிஞர்கள் அதைச் சேர்த்தார்கள். தம் (பெருவிரல்) என்ற சொல்லின் கடைசிப் பியும் பின்னால் ஒட்டியதே. கோஸ்ற் (பேய்) என்ற சொல்லில் உள்ள எச், வில்லியம் கக்ஸ்ரனின் அச்சகத்திலிருந்து பிளெமிஷ் மொழிச் செல்வாக்கால் வந்தது என்று கருதப்படுகிறது. அவர் 1476இல் இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை நிறுவியவர்.

அச்சுப் பரவப் பரவ எழுத்துக்கூட்டல் இறுகத் தொடங்கியது. 1755இல் வெளியான சாமுவேல் ஜோன்சனின் அகராதி அதை மேலும் உறுதிப்படுத்தியது. பேச்சோ மாறிக்கொண்டே போனது. நாமும் ‘வந்துவிட்டது’ என்று எழுதி ‘வந்திட்டுது’ என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் அந்த இடைவெளி இன்னும் அகலம்.

வீட்டில் பழக

சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யாமல் குடும்பமாகச் சேர்த்து எழுதுங்கள். லைற், நைற், றைற், ஃபைற், சைற் ஐந்தும் ஒரு நாளைக்குப் போதும். ஒலிக்காத எழுத்தின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்கும்போது மட்டும் அதையும் ஒலித்து, ‘க்நைஃப்’ என்று மனதுக்குள் சொல்லுங்கள். பிறகு கொப்பியை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் எழுதினால் இருவருக்கும் பயன். பிள்ளை திருத்தினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக ஒன்று. ஆங்கிலம் தெரியாததால் அலுவலகங்களில் தயங்கி நிற்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. காணிக்கோ, காணாமற்போன உறவுக்கோ, நட்டஈட்டுக்கோ படிவம் நிரப்பும்போது தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். பிள்ளையின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் ஆங்கிலம் படிப்போம். ஆனால் படிவத்தைத் தமிழில் கேட்பதற்கு, எந்த ஆங்கிலச் சொல்லையும் முதலில் படித்து முடிக்கவேண்டியதில்லை.