ஈரணு மூலக்கூறுகளின் வெப்ப, காந்தப் பண்புகள்

ஈரணு மூலக்கூறு என்பது இரண்டு அணுக்கள் பிணைந்து உருவாகும் மூலக்கூறு ஆகும். காற்றில் கன அளவில் ஏறத்தாழ 78% உள்ள நைட்ரசனும் 21% உள்ள ஆக்சிசனும் இவ்வகையைச் சேர்ந்தவை. வெப்பத்தை ஏற்பதில் இவ்விரு வளிமங்களும் பெரிதும் ஒத்திருக்கின்றன. புறக் காந்தப்புலத்திலோ முற்றிலும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு வளிமக் கலவையில் ஆக்சிசனின் அளவை அறியப் பயன்படுகிறது.

வெப்பப் பண்பு

ஆர்கன் போன்ற ஓரணு வளிமம் ஏற்கும் வெப்பம் அணுக்களின் இடம்பெயர் இயக்கத்தை மட்டுமே மிகுவிக்கிறது. கன அளவு மாறாத நிலையில் அதன் ஒரு மோலின் வெப்பநிலையை 1 கெல்வின் உயர்த்த 12.5 ஜூல் தேவை. ஈரணு மூலக்கூறுகள் சுழலவும் செய்வதால், அறை வெப்பநிலையில் இவற்றுக்கு ஏறத்தாழ 21 ஜூல் தேவைப்படுகிறது. அணுக்களுக்கிடையேயான அதிர்வு இயக்கம் உயர் வெப்பநிலையில்தான் கணிசமான பங்கு பெறுகிறது.

காந்தப் பண்பு

நைட்ரசன் மூலக்கூறில் எல்லா எலக்ட்ரான்களும் இணைசேர்ந்துள்ளன. எனவே அது டயாகாந்தத் தன்மை கொண்டது. காந்தப்புலம் அதை மிக மெல்ல விலக்குகிறது. ஆக்சிசன் மூலக்கூறில் இணைசேரா எலக்ட்ரான்கள் இரண்டு உள்ளன. ஆதலால் அது பாராகாந்தத் தன்மை பெற்றுப் புலத்தால் ஈர்க்கப்படுகிறது. இதன் காரணத்தை மூலக்கூற்று ஆர்பிட்டால் கொள்கையின் வழி 1929இல் லென்னார்ட்-ஜோன்ஸ் விளக்கினார். ஆக்சிசனின் காந்த ஏற்புத்திறன் தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருப்பதை 1895இல் பியேர் கியூரி கண்டறிந்திருந்தார்.

காந்தப்புலம் வெப்பக் கடத்தலையும் பாதிக்கிறது. புலத்தில் ஆக்சிசனின் வெப்பங் கடத்துத்திறன் சிறிதளவு குறைவதை 1930இல் சென்ஃப்ட்லெபன் கண்டார். பாராகாந்தமற்ற ஈரணு வளிமங்களின் கடத்துப் பண்புகளும் புலத்தால் மாறுவதை 1962இல் பீனாக்கரும் குழுவினரும் காட்டினர்.

பயன்பாடு

வெப்பக்காந்த ஆக்சிசன் அளவியில் மின்சாரத்தால் சூடாக்கப்பட்ட கம்பி ஒன்று காந்தப்புலத்தில் வைக்கப்படுகிறது. புலத்தால் ஈர்க்கப்படும் குளிர்ந்த ஆக்சிசன், கம்பியருகே சூடேறியதும் தன் காந்த ஏற்புத்திறனில் ஒரு பகுதியை இழக்கிறது. பின்வரும் குளிர்ந்த ஆக்சிசன் அதை வெளியே தள்ளுகிறது. இவ்வாறு எழும் ஓட்டம் கம்பியைக் குளிர்விக்க, அதன் மின்தடை மாறுகிறது. அம்மாற்றத்திலிருந்து ஆக்சிசனின் அளவு பெறப்படுகிறது.

பாராகாந்த அளவிகள் எண்ணெய்க் கப்பல்களிலும் பயன்படுகின்றன. வடசென்னையின் மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலைக்கான கச்சா எண்ணெய், சென்னைத் துறைமுகத்துக்கு இத்தகைய கப்பல்களில் வருகிறது. பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு விதிகளின்படி, மந்த வளிமம் நிரப்பிய எண்ணெய்த் தொட்டியில் ஆக்சிசன் 8 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது. ஆக்சிசன் ஏறத்தாழ 11 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எண்ணெய் ஆவி தீப்பற்றாது என்பதே இவ்வரம்புக்கு அடிப்படை.

ஆயினும், தீயைத் தடுக்கும் அதே வளிமண்டலம் உள்ளே இறங்கும் மனிதருக்கு உயிர்க்கொல்லியாகும். எனவே தொட்டிக்குள் நுழையுமுன் காற்றோட்டம் செய்து, ஆக்சிசன் இயல்பான 21% அளவை எட்டியதை உறுதிசெய்தல் வேண்டும். ஐதரசன் சல்பைடு போன்ற நச்சு வளிமங்களை இவ்வளவி காட்டாது; அவற்றுக்குத் தனிச் சோதனை தேவை. நைட்ரிக் ஆக்சைடும் பாராகாந்தத் தன்மை உடையதாதலால், அது மிகுந்துள்ள கலவையில் அளவீடு பிழைபடும்.