‘லூசிங் மை ரிலிஜன்’: ஒரு வட்டார வழக்கின் பயணம்

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு ‘லூசிங் மை ரிலிஜன்’ என்ற பாடலைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டது. தலைப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘என் மதத்தை இழக்கிறேன்’ என்று வரும். உலகின் பல பகுதிகளில் இதனை இறைமறுப்பின் பாடலாகவும், நம்பிக்கை தளர்ந்த ஒருவரின் வாக்குமூலமாகவும் கேட்டோர் பலர். பாடல்வரிகளை எழுதிப் பாடிய மைக்கேல் ஸ்டைப் தந்த விளக்கமோ வேறு. பாடல் கைகூடாத காதலைப் பற்றியது. தலைப்பு அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சுவழக்கு. பொறுமையின் எல்லை கடந்து நிதானம் தவறும் நிலையை அப்பகுதி மக்கள் அத்தொடரால் குறிப்பார்கள்.

ஒரு தொடர் தன் ஊரைவிட்டு வெளியேறும்போது அதன் பொருள் என்னவாகிறது? வரலாற்று மாணவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் இக்கேள்விக்கு இப்பாடல் நல்ல சான்று. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஊர். ஆர்.இ.எம். குழு 1980இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரில் உருவானது. மாநிலப் பல்கலைக்கழகம் அமைந்த ஊர் அது. ஸ்டைப், பீட்டர் பக், மைக் மில்ஸ், பில் பெர்ரி ஆகிய நால்வரும் முதன்முதலில் மேடையேறியது அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று, வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் நடந்த பிறந்தநாள் விருந்தில். தேவாலயமும் விவிலியமும் அன்றாடப் பேச்சில் கலந்திருக்கும் நிலப்பகுதி அது. அங்கே ‘மதம்’ என்பது கோட்பாட்டை மட்டும் சுட்டும் சொல்லன்று. அடக்கம், நாவடக்கம், நன்னடத்தை அனைத்தையும் சேர்த்துச் சுட்டும் சொல். ஒருவர் கோபத்தில் வாய்தவறிப் பேசிவிட்டால் அந்த அடக்கம் கலைந்துபோகிறது. மேற்கண்ட வழக்கு நிற்பது இந்தப் பின்புலத்தில்தான்.

அடுத்து, பாடல் வெளியே சென்ற வழி. 1980களில் இக்குழுவின் கேட்போர் பெரும்பாலும் கல்லூரி வானொலி நிலையங்களின் நேயர்கள். பெருவணிக வானொலிகள் ஏற்காத இசைக்கு மாணவர்கள் நடத்திய அந்நிலையங்களே புகலிடம். ‘மாற்று ராக்’ என்று பின்னர் பெயர் பெற்ற இசைமரபு வளர்ந்த முக்கியக் களங்களுள் அதுவும் ஒன்று. 1988இல் குழு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பின்னும் 1991இன் ‘அவுட் ஆஃப் டைம்’ தொகுப்பிலிருந்து இப்பாடலை முதலில் வெளியிட நிறுவனம் தயங்கியது. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. நமக்கு உ. ஸ்ரீநிவாஸின் பெயரோடு நினைவுக்கு வரும் மாண்டலின்தான் இப்பாடலின் முதன்மைக் கருவி. பீட்டர் பக் அக்கருவியைப் புதிதாக வாங்கிப் பழகிக்கொண்டிருந்தபோது பிறந்த மெட்டு இது. வெற்றிப் பாடல்களில் வழக்கமாக எதிர்பார்க்கப்படும், திரும்பத் திரும்ப வந்து ஓங்கி ஒலிக்கும் பல்லவி இதில் இல்லை.

எனினும் பாடல் அமெரிக்காவின் பில்போர்டு முதல் நூறு பட்டியலில் 4ஆம் இடம்வரை சென்றது. நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு அவ்வாண்டு செப்டம்பரில்தான் வெளிவந்தது. மாற்று ராக் பொதுவெளியை அடைந்த கதையை அந்தச் செப்டம்பரிலிருந்து தொடங்குவோர் இந்த முந்தைய மாதங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பொருள் மாற்றத்தில் காணொளிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்து, தில்லியிலும் பின்னர் கலிஃபோர்னியாவிலும் பயின்ற தர்செம் சிங். இந்தியத் திரைப்படங்களின் ஒருவகை மிகையுணர்ச்சியையும் கனவுத்தன்மையையும் அவர் நாடினார். கராவாஜியோவின் ஓவியங்கள், தார்க்கோவ்ஸ்கியின் ‘தி சாக்ரிஃபைஸ்’ திரைப்படம், சிறகு முளைத்த முதியவரைப் பற்றிய மார்க்கேஸின் சிறுகதை ஆகியவற்றின் சாயல்களை அதில் காணலாம். அம்பு தைத்த புனிதர் செபஸ்தியாரும், இந்தியக் கடவுளர் படங்களை நினைவூட்டும் உருவங்களும் திரையில் வருகின்றன. 1991இன் எம்டிவி விருது விழாவில் ஆண்டின் சிறந்த காணொளி உட்பட ஆறு விருதுகளை அது பெற்றது.

தலைப்பில் ‘மதம்’, திரையில் புனிதர்களும் தேவதூதர்களும். ஜார்ஜியாவின் பேச்சுவழக்கை அறியாத ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு எந்த முடிவுக்கு வருவார்? தொலைக்காட்சி பாடலை உலகெங்கும் கொண்டுசென்றது. வழக்கின் பொருளை உடன் கொண்டுசெல்லவில்லை.

நம் மொழியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. ‘அவன் எனக்கு நாமம் போட்டுவிட்டான்’ என்று ஒருவர் கடிதத்தில் எழுதுகிறார் என்று கொள்வோம். நூறாண்டு கழித்து, தமிழை அகராதி வழியே மட்டும் கற்ற ஆய்வாளர் ஒருவர் அதைப் படித்தால், கடிதம் எழுதியவர் வைணவ நெறியில் சேர்ந்த நாளைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழக்கூடும். கடன் கொடுத்து ஏமாந்தவரின் புலம்பல் சமயமாற்ற ஆவணமாகிவிடும். ஆவணக் காப்பகங்களில் பணிபுரிவோருக்கு இது வெறும் நகைச்சுவையன்று. வட்டார வழக்கை அறியாமல் கடிதங்களையும் வாக்குமூலங்களையும் படித்தால், இல்லாத சமய உணர்வை நாமே அவற்றில் ஏற்றிவிடுவோம். இருப்பதைக் காணாமலும் போவோம்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். நம்பிக்கை இழந்த தனிமையில் இப்பாடலிடம் ஆறுதல் கண்டவர்கள் பிழை செய்தவர்களா? அல்லர். அவர்கள் கேட்டதும் வரலாறே. ஆனால் அது பாடலின் வரவேற்பு வரலாறு. ஆக்கத்தின் வரலாறு வேறு. முன்னதைக் கொண்டு பின்னதை எழுதுவதும், பின்னதைக் காட்டி முன்னதைத் தள்ளுபடி செய்வதும் ஒரேவகைத் தவறுகள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென்மாநில வழக்கில் அத்தொடர் கோபத்தையே குறித்தாலும், மதம் அதில் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. சமயம் நடத்தையின் அளவுகோலாக இருந்த சமூகத்தில்தான் அப்படியொரு சொல்லாட்சி பிறக்க முடியும். நாமத்தைப் பெருமையோடு அணிந்தோரும் அதை ஏளனத்தோடு நோக்கியோரும் அருகருகே வாழ்ந்த சமூகத்தில்தான் நம் வழக்கும் வேரூன்றியிருக்க முடியும். பேசுவோர் மறந்த சமூக வரலாற்றை வழக்குகள் சுமந்து நிற்கின்றன.

உங்கள் ஆய்வுப் பரப்பில், அகராதிப் பொருளை நம்பி ஆய்வுலகம் நெடுங்காலம் தவறாகப் படித்த தொடர்கள் இருப்பின், எடுத்துக்காட்டுடன் இங்கே பகிருங்கள். அத்தகைய பட்டியல் முதலாண்டு ஆய்வு மாணவர்களுக்குப் பெரிதும் உதவும்.