தக்காளி சப்பென்று இருக்கிறதா? உரத்துக்கும் ருசிக்கும் என்ன தொடர்பு?

"அந்தக் காலத்து தக்காளி ருசியே வேற..." வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. இதற்கு உரம்தான் காரணமா? ஓரளவுக்கு ஆமாம். ஆனால் முழுப் பழியையும் உரத்தின் மேல் போட முடியாது.

யூரியா அதிகமானால் என்ன ஆகும்?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் இருக்கிறது. இலை, தண்டு வளர இது அவசியம். தேவைக்கு மேல் போட்டால் செடி கரும்பச்சையாக செழிக்கும். ஆனால் காயில் நீர் கூடி, வைட்டமின் சி குறையும். எடை இருக்கும், ருசி இருக்காது. கீரையில் மிச்சமாகும் தழைச்சத்து, நைட்ரேட்டாக இலையிலேயே தங்கிவிடும். ஒரு கிலோ ஸ்பினாச் கீரைக்கு 3,500 மில்லிகிராம் நைட்ரேட் என ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருப்பது இதனால்தான்.

ருசிக்கு எந்தச் சத்து?

இலையில் உருவாகும் சர்க்கரையை காய்க்கு கொண்டு சேர்க்க உதவுவது சாம்பல் சத்து எனும் பொட்டாசியம். தக்காளியின் இனிப்பு, புளிப்பு, சிவப்பு நிறம் மூன்றுக்கும் இது தேவை. குறைந்தால் காம்புப் பக்கம் பழுக்காமல் மஞ்சளாகவே நிற்கும்.

வெங்காயத்தின் காரத்துக்கு கந்தகச் சத்து காரணம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் விளையும் 'விடாலியா' வெங்காயம் காரமின்றி இனிப்பாக இருக்கும். அங்குள்ள மணற்பாங்கான மண்ணில் கந்தகம் குறைவு என்பதே ரகசியம்.

சத்தும் மாறுமா?

மாறும். பின்லாந்து மண்ணில் செலினியம் குறைவு. 1980-களின் நடுவில் உரத்திலேயே அதைக் கலக்கத் தொடங்கியது அந்நாடு. பயிர் வழியாக மக்களின் உடலிலும் செலினியம் உயர்ந்தது.

அதேநேரம், 43 வகை காய், கனிகளின் 1950, 1999-ம் ஆண்டு விவரங்களை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. புரதம், கால்சியம், இரும்பு உள்ளிட்ட 6 சத்துகள் குறைந்திருந்தன. விளைச்சலை மட்டுமே பார்த்து ரகங்களைத் தேர்வு செய்தது முக்கிய காரணமாக இருக்கலாம் என்றனர் ஆய்வாளர்கள்.

தொழுவுரம் போட்டால் போதுமா?

நைட்ரேட் சாணத்தில் இருந்து வந்ததா, மூட்டையில் இருந்து வந்ததா என்று வேர் பிரித்துப் பார்க்காது. ஆனால் தொழுவுரம் சத்தை மெதுவாக விடும், துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களையும் தரும், மண்ணில் ஈரத்தையும் காக்கும். அளவு மீறினால் இதிலும் சிக்கல்தான்.

விவசாயி என்ன செய்யலாம்?

45 கிலோ யூரியா மூட்டையின் மானிய விலை, வரி நீங்கலாக ரூ.242. பொட்டாஷ் விலை இதைவிட பல மடங்கு. அதனால் கை தானாக யூரியா பக்கம் போகிறது. மண் பரிசோதனை செய்து, 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் பரிந்துரைப்படி உரமிட்டால் செலவும் குறையும், காயும் தேறும்.

ஆனால் சந்தையில் எடைக்குத்தான் காசு, ருசிக்கு இல்லை. அது மாறாதவரை விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.